நாலரை முட்டி தெற்கே

ஆடி 4, ஞாயிறு

அம்மா,

செய்துவிட்டேன். அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. கால்மாட்டில் நின்று நீ கட்டைவிரலைப் பிடித்து இழுத்தது போல இருந்தது. குளித்து, ஈரத் தலையோடு மாடிக்குப் போனேன். சாவி கேட்டபோது வீட்டுச் சொந்தக்காரர், "இந்நேரத்துக்குத் துணி காயப் போடவா?" என்றார். "ஆமாங்க" என்றேன். சொம்பைத் துவாலைக்குள் மறைத்துக்கொண்டேன். சூரியனைக் கும்பிடப் போகிறேன் என்று சொல்ல ஏன் அவ்வளவு கூச்சம்? திருடப் போகிறவள்கூட இப்படிக் கூசமாட்டாள்.

கிழக்கே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அதற்கு இடப்புறம் ஒரு செல்போன் கோபுரம். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் வானம். அந்த இடுக்கில்தான் வந்தார் உன் சூரியன். முதலில் தொட்டியின் விளிம்பு சிவந்தது. அப்புறம் யாரோ உள்ளேயிருந்து கதவைத் தள்ளியது போல ஒரே தள்ளலில் வெளிச்சம். நீ சொன்னபடி மூன்று கை தண்ணீர் விட்டேன். சித்திரையில் தாதா, வைகாசியில் அர்யமா, ஆனியில் மித்திரன் என்று நீ சொல்லி முடித்த பெயர்களை மனத்துக்குள் ஓட்டிவிட்டு, ஆடிக்கு உரிய வருணன் பெயரைச் சொன்னேன். ஒரே ஆளுக்கு மாதத்துக்கு ஒரு பெயர்! பன்னிரண்டு இடத்தில் வேலை பார்த்தவர் போல. இன்று உப்பில்லாமல் ஒருவேளைச் சாப்பாடு. தண்டனை மாதிரித்தான் இருந்தது, ஆனால் சாப்பிட்டேன்.

இனிப் பங்குனி வரைக்கும் ஒன்பது மாதம், மாதத்தின் முதல் ஞாயிறு என் பொறுப்பு. இதய வால்வு சுருங்கியவள் முப்பத்திரண்டு படி ஏறி, நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, பிறகு தண்ணீர் விட்டது போதும். "வயித்துல பொறந்தவ செஞ்சா நான் செஞ்ச மாதிரிதான்" என்று நீயே சொல்லிவிட்டாய். ஆபரேஷனை மட்டும் இந்த விரதத்தோடு முடிச்சுப் போடாதே. "பன்னெண்டு மாசமும் முடியட்டும், அப்புறம் கத்தி வைக்கட்டும்" என்கிறாய். உள்ளே இருக்கிற வால்வுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியுமா?

போனில் பேசினால் உனக்கு மூச்சு இரைக்கிறது. அதனால் நீ கேட்டபடி கடிதம். இதை யார் உனக்குப் படித்துக் காட்டுவார் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும். அவருக்கென்று இதில் ஒரு வரியும் இல்லை.

சிட்டு

•

மார்கழி 6, ஞாயிறு

அம்மா,

என் பங்கில் ஆறாவது மாதமும் ஆயிற்று. இந்த மாதம் அம்சு என்ற பெயர். நல்ல குளிர். தண்ணீர் கையில் ஊசி போலக் குத்தியது. தொட்டிக்கும் கோபுரத்துக்கும் நடுவில், தன் வழக்கமான இடத்தில், சூரியன் தவறாமல் வந்தார். மூன்று கை விட்டேன். உன்னை நினைத்துக்கொண்டேன்.

அச்சகத்தில் வேலை அதிகம். மெய்ப்புத் திருத்தித் திருத்தி, கனவில் வருகிற ஆட்களுக்கும் ஒற்றுப்பிழை பார்க்கிறேன். மாத்திரையை நேரத்துக்குப் போடு.

சிட்டு

•

மார்கழி 12, சனி

சிட்டுவுக்கு,

உன் பெயருக்கு முன்னால் என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாள் வீணாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் நிலம் அளந்தவன். சூரியனுக்கு "வழக்கமான இடம்" என்று ஒன்று கிடையாது. ஆடியில் அது நேர்கிழக்குக்கு வடக்கே தள்ளி உதிக்கும். பிறகு நாளுக்கு நாள் தெற்கே நகரும். ஐப்பசியில் கிழக்கைத் தாண்டிவிடும். மார்கழியில் தெற்குக் கோடிக்கே போய்விடும். கையை நேராக நீட்டி விரல்களை மடக்கு. முட்டியின் அகலம் வானத்தில் பத்துப் பாகை. ஆடியில் நீ பார்த்த இடத்திலிருந்து நாலரை முட்டி தெற்கே தள்ளி இப்போது உதயமாகிறது. உன் தொட்டிக்கு வலப்புறம் என்ன இருக்கிறது என்று ஆறு கடிதத்திலும் ஒரு சொல் இல்லை. ஏனென்றால் நீ அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மாடிக்கே போகவில்லை.

ஐப்பசியிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த மாதம் எல்லாக் கடிதங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆடிக் கடிதம் மட்டும் கண்ணால் பார்த்தவள் எழுதியது. மற்ற ஐந்தும் அதைப் பார்த்து எழுதியவை.

உன் அம்மாவிடம் சொல்லவில்லை. டாக்டர் தை 20 என்று தேதி கொடுத்திருக்கிறார். இவள் பங்குனி முடியட்டும் என்கிறாள். விரதம் பொய்த்துப்போனது தெரிந்தால் மறுபடியும் சித்திரையிலிருந்து பன்னிரண்டு மாதம் தொடங்குவாள். அவ்வளவு காலம் அந்த வால்வு தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். ஆகவே நீயும் சொல்லக் கூடாது.

ஆனால் சொல்கிற பொய்யைச் சரியாகச் சொல். மாடிவீட்டு டீச்சர் சாயங்காலம் வந்து உன் கடிதங்களை வாங்கிப் படிக்கிறார். அவர் பூகோளம் நடத்தியவர். அந்தத் தொட்டிக்கும் கோபுரத்துக்கும் நடுவிலிருந்து தெற்கே அளந்தால், தையில் நாலேகால் முட்டி, மாசியில் மூன்றரை, பங்குனியில் இரண்டேகால். அந்த இடங்களில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எழுது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். அவளுக்கு இருக்கிறது.

அப்பா

•

மார்கழி 19, சனி

அப்பா,

மூன்று வருடம் கழித்து நீங்கள் எழுதிய முதல் கடிதத்தில் பாகையும் முட்டியும் இருக்கின்றன. எப்படி இருக்கிறாய் என்ற கேள்வி இல்லை. பரவாயில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்.

நீங்கள் சொன்னது சரி. ஆடியில் செய்தது மட்டும் உண்மை. ஆவணியிலும் மாடிக்குப் போனேன். சொம்பைச் சாய்க்கப் போகிற நேரத்தில், இது எதற்காக என்ற கேள்வி வந்து முன்னால் நின்றது. அம்மாவிடம் கேட்டபோதெல்லாம், "காரணத்த வெளிய சொன்னா விரதம் வெளுத்துப் போயிடும்டி" என்று மழுப்பிவிட்டாள். எனக்காகத்தான் என்பது மட்டும் தெரியும். எனக்காக இந்த வீட்டில் யார் எதை வேண்டுவார்கள்? நான் என் கணவரோடு திரும்பப் போய் வாழ வேண்டும் என்றுதானே? நானே என் கையால் தண்ணீர் விட்டு, என்னை அந்த வீட்டுக்கு அனுப்பு என்று எப்படிக் கேட்பது? தண்ணீரை அங்கிருந்த தொட்டிச் செடிக்கு ஊற்றிவிட்டு இறங்கிவிட்டேன். அன்று எழுதியதுதான் முதல் பொய். அது சுலபமாக இருந்தது. அடுத்தது இன்னும் சுலபம்.

மூன்றாவது தடவை நான் பையோடு வந்து நின்ற நாள் உங்களுக்கு நினைவிருக்கும். வாசலிலேயே, "போன வீட்டுக்கே போ. நாலு நாள்ல எல்லாம் சரியாயிடும்" என்றீர்கள். நான் சட்டைக் கையை மடக்கிக் காட்டினேன். முழங்கைக் காயத்தைப் பார்த்தீர்கள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அடுத்த பஸ் பத்தே காலுக்கு" என்றீர்கள். அளவில் தப்பே விடாதவர் நீங்கள். அந்தக் காயத்தை எத்தனை அங்குலம் என்று குறித்துக்கொண்டீர்கள்? அந்த பஸ்ஸில் ஏறினேன். ஆனால் அவருடைய ஊரில் இறங்கவில்லை.

இப்போது எனக்குப் பொய்யையும் அளந்து கொடுக்கிறீர்கள். வேண்டாம் அப்பா.

போன மாதம் வழிபாட்டு முறைகள் பற்றிய ஒரு புத்தகம் மெய்ப்புக்கு வந்தது. நேரம் தவறிவிட்டால், அதற்கென்று முதலில் ஒரு கை தண்ணீர் கூடுதலாக விட்டு, பிறகு வழக்கமானதைச் செய்யலாம் என்று அதில் இருக்கிறது. தவறுகிறவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்து, அவர்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். படித்தபோது கண் கலங்கிவிட்டது. விட்டுப்போன ஐந்தையும் அப்படிச் செய்துவிட்டு அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். எதற்காக அந்த விரதம் என்றாலும் செய்கிறேன்.

சிட்டு

•

மார்கழி 24, வியாழன்

சிட்டு,

புத்தகத்தில் சொல்லியிருப்பது தாமதத்துக்கு. பொய்க்கு அல்ல. நம்பாத எனக்கே அந்த வித்தியாசம் தெரிகிறது, நம்புகிறவளுக்குத் தெரியாமல் போகுமா?

காயத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லவில்லை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்து இரண்டு நாளாகிறது. இப்போதும் வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

உன் அம்மா இப்போது படுத்துத் தூங்குவதில்லை. முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுகிறாள். குளியலறைக்குப் போய் வந்தால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நேற்று உன் மார்கழிக் கடிதத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். "வழக்கமான இடத்தில்" என்ற இடத்தைத் தாண்டிப் படித்தேன்.

"ஏங்க, நடுவுல எதையோ முழுங்கிட்டீங்களே?"

"ஒண்ணும் முழுங்கல."

"முப்பது வருஷம் ஊரான் வேலிய ஒழுங்கா அளந்தீங்க. பொண்டாட்டிகிட்ட மட்டும் எப்பவும் அரை முழம் கொறச்சுத்தான் பேசுவீங்க."

"நீ மூச்சு வாங்காம இரு."

"நான் மூச்சு வாங்குறேன். நீங்க ஏன் பேச்சு வாங்குறீங்க?"

இப்படித்தான் இருக்கிறாள். சிரிக்கும்போது உதடு நீலமாகிறது.

கெஞ்சி எனக்குப் பழக்கம் இல்லை. பங்குனி வரை சொல்லாதே. அதற்குப் பிறகு எல்லாப் பழியையும் என் மேல் போட்டுக்கொள்.

அப்பா

•

தை 4, ஞாயிறு

அப்பா,

இதனோடு அம்மாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒரு வரியும் விடாமல் படியுங்கள்.

இரண்டு வாரமாக யோசித்தேன். உங்கள் கணக்கிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. டாக்டர் சொன்ன தேதி தை 20. நம் பொய் நன்றாக வேலை செய்தால் அம்மா பங்குனி முடியும்வரை காத்திருப்பாள். அதாவது, உட்கார்ந்தபடி தூங்குகிறவள் இன்னும் மூன்று மாதம் உட்கார்ந்திருப்பாள். உண்மை தெரிந்தால் என்ன செய்வாள் என்று நமக்குத் தெரியாது. பொய்யால் என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரியும்.

பயமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் என்று இப்போது தெரிகிறது.

சிட்டு

அம்மா,

உட்கார்ந்துகொண்டு கேள். அப்பா குரல் தடுமாறினால் அவரைக் கிண்டல் செய்யாதே.

ஆடியில் உனக்காகத் தண்ணீர் விட்டேன். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஐந்து மாதமும் விடவில்லை. விட்டதாக எழுதினேன். ஆவணியில் மாடிவரை போய்விட்டுத் திரும்பினேன். மற்ற மாதங்களில் தூங்கினேன். எழுந்து, காபி குடித்துவிட்டு, உனக்குச் சூரியோதயம் எழுதினேன். குளிர் கையில் ஊசி போலக் குத்தியது என்று எழுதியபோது போர்வைக்குள் இருந்தேன்.

நீ இதை எதற்காக எடுத்தாய் என்று எனக்குத் தெரியாது. நானே ஒரு பதிலை வைத்துக்கொண்டு, அந்தப் பதிலின் மேல் கோபப்பட்டு, உன் விரதத்தை உடைத்துவிட்டேன். உன்னிடம் சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டால் உனக்கு இரைக்கும் என்பதால்தான் பொய் சொன்னேன் என நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. சண்டை போட்டால் நீ பதில் சொல்லிவிடுவாய் என்று பயம். அவரோடு போய் வாழ் என்று நீயும் சொல்லிவிட்டால் போய் நிற்க எனக்கு யாரும் இல்லை.

இன்று காலை போனேன். தொட்டிக்கும் கோபுரத்துக்கும் நடுவில் சூரியன் வரவில்லை. நன்றாக வலப்புறம் தள்ளி, ஒரு தையல்கடையின் தகரக் கூரைக்கு மேல் வந்தது. கூரையில் யாரோ காயப்போட்டு மறந்த ஒரு வெள்ளைச் சட்டை. இத்தனை நாளாக இந்த வீட்டில் இருக்கிறேன், அந்தக் கூரையை இன்றுதான் பார்த்தேன். தை மாதத்துச் சூரியனுக்குப் பகன் என்று பெயர். ஒரு வேள்விச் சண்டையில் அவனுக்குக் கண் போய்விட்டது என்று ஒரு புராணக் கதை இருக்கிறது. கண் இல்லாத சூரியன். அவனிடம் பேசுவது சுலபமாக இருந்தது. மூன்று கை தண்ணீரும் விட்டேன். எதையும் வேண்டவில்லை. நடந்ததைச் சொன்னேன். இதை உன் கணக்கில் சேர்க்காதே. நான் எனக்காகச் செய்தது.

மன்னிக்கச் சொல்லவில்லை. என் மேல் இருக்கிற கோபத்தில் டாக்டர் சொன்ன தேதியைத் தள்ளாதே. அது ஒன்றுதான் கேட்கிறேன்.

சிட்டு

•

தை 11, ஞாயிறு

சிட்டு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பிரித்துப் படித்துவிட்டு, அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் எடுத்தேன். ஒரு வரியும் விடாமல் படித்தேன். என் குரல் தடுமாறியது. அவள் கிண்டல் செய்யவில்லை.

முழுவதும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாத்திரை கொடுத்தால் வாங்கினாள். கஞ்சி கொடுத்தால் குடித்தாள். மாடிவீட்டு டீச்சர் வந்து, "லெட்டர் வந்துதா?" என்று கேட்டபோது, "வந்துது. இது எனக்கு மட்டும்" என்றாள். அந்த இரண்டு நாளும் நான் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டேன், மறைக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் நானே கேட்டேன். இனி அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"உனக்கு இதெல்லாம் எதுக்கு? அப்படி என்னதான் வேண்டிக்கிட்ட?"

"அவ நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எந்த வீட்டுலன்னு நான் சூரியன்கிட்ட சொல்லல. அத நீங்கதான் சொன்னீங்க."

அன்று வாசலில் உன் கையைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. உன்னை உள்ளே விட்டால் நான் போய் அவனோடு மல்லுக்கட்ட வேண்டும், நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும். அதற்குத் தைரியம் இல்லாமல் பஸ் நேரம் பார்த்தேன். மூன்று வருடமாக இதைக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோழைத்தனம். எழுதிவிட்டேன்.

பிறகு அவள் உன்னைத் திட்டினாள். அதையும் எழுதச் சொன்னாள். "போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு எனக்குக் குளிர் எழுதியிருக்கா, கழுதை! நான் இங்க அந்தக் குளிருக்கு ரெண்டு போர்வை போத்திக்கிட்டேன்." சொல்லிவிட்டு அழுதாள். சிரித்தது போலவும் இருந்தது. அவள் விஷயத்தில் எனக்கு எப்போதும் அது சரியாகப் பிடிபட்டதில்லை.

"இனிமே அவள நம்ப மாட்டியா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கே! தகரக் கூரைய இப்பத்தான எழுதியிருக்கா. இனிமேதான் நம்பணும்."

கடைசியாக, நீ கேட்டதற்குப் பதில். நான் கேட்கப் பயந்துகொண்டு நின்றேன். அவளே சொன்னாள்.

"டாக்டருக்குப் போன் போடுங்க. அந்தத் தேதிக்கே வரேன்னு சொல்லுங்க."

"விரதம்?"

"அதான் உடைஞ்சு போச்சே. முதல்லேர்ந்துதான் தொடங்கணும்."

"அதுக்குத்தான் நான் பயந்தேன். இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போடுவியேன்னு."

"யார் தள்ளிப் போட்டா? இத்தன நாளா, எல்லாத்தையும் முடிச்சு வெச்சுட்டுக் கத்திக்குக் கீழ படுத்தா, எழுந்திரிச்சாலும் எழுந்திரிக்காட்டியும் பாதகமில்லன்னு இருந்தேன். இப்ப ஒண்ணும் முடியலையே. சித்திரைல இந்த முப்பத்திரண்டு படியும் ஏறணும். படி ஏற மூச்சு வேணாமா?"

தை 19 அன்று மருத்துவமனையில் சேர்க்கிறோம். மறுநாள் ஆபரேஷன். ஆபத்தே இல்லை என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

நீ இங்கே வந்துவிடு. பையோடு வா. எத்தனை நாளைக்கு என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சற்றுமுன் அவள் என்னைக் கூப்பிட்டு, சேர்க்கப் போகும் முன் ஒரு தடவை மாடிப்படி அருகே கூட்டிப்போகச் சொன்னாள். ஏற மாட்டாளாம். கீழே நின்று சும்மா அண்ணாந்து பார்ப்பாளாம்.

அப்பா